பத்தாவது பாண் துண்டு

மூன்று வருடம் ஒருவரின் கால் நகத்தை வெட்டிவிட்டவளுக்கு அவரைப் பற்றி எல்லாம் தெரியும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால் இந்தக் கதையை எங்கள் ஆட்களிடம் சொல்லும்போது முதலில் என்னைத் திட்டிவிட்டுத்தான் மற்றவர்களைத் திட்டத் தொடங்குவேன்.

என் பெயர் புனிதமலர். ஊர் மன்னாரில் பேசாலை. தொண்ணூறாம் ஆண்டு சண்டை மூண்டு எல்லாரும் வள்ளமேறி இராமேஸ்வரம் போனபோது நானும் தங்கையும் என் மகள் அனிற்றாவும் போனோம். என் கணவர் அதற்கு முந்திய மாதம் கடலுக்குப் போனவர், வரவில்லை. மண்டபம் அகதி முகாமில் ஒன்றரை வருடம் இருந்தோம். பிறகு பெரியம்மாவின் மகள் அகஸ்ரீனா அக்கா கூப்பிட்டாள் என்று, நாலு வயதுப் பிள்ளையைத் தங்கையிடம் விட்டுவிட்டு இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்தேன். எப்படி வந்தேன் என்று கேட்காதீர்கள். வந்து சேர்ந்தேன்.

பலெர்மோவில் எங்கள் பெண்களுக்கு வேலை ஒருத்தியின் கையிலிருந்து இன்னொருத்தியின் கைக்கு வரும். பிள்ளை பெறப் போகிறவள், நல்ல இடம் கிடைத்துப் போகிறவள், தான் வேலை செய்த வீட்டைத் தெரிந்தவளிடம் கொடுத்துவிட்டுப் போவாள். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதுதான் இந்தக் கைமாற்று நடக்கும். ஒருமுறை வேண்டாம் என்று சொன்னால் அந்த வீடு அடுத்தவளுக்குப் போய்விடும். திரும்பக் கேட்கக் கூடாது. கேட்டால் ஒரு வருடத்துக்கு முகத்தைப் பார்க்கமாட்டார்கள்.

அப்படி அகஸ்ரீனா அக்கா எனக்குக் கொடுத்ததுதான் சிஞ்ஞோரா ஹில்டேயின் வீடு. சிஞ்ஞோரா என்றால் அம்மணி. கபோ சந்தைக்குப் பின்னால், மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அக்காவுக்கு பெர்மெஸ்ஸோ, அதாவது இந்த நாட்டில் இருப்பதற்கான பத்திரம், கிடைத்த மறு மாதமே அவள் ஒரு ஹோட்டல் வேலைக்குப் போய்விட்டாள். சிஞ்ஞோரா அதை மறக்கவில்லை. அவர் மறந்தவை எத்தனையோ இருந்தன, ஆனால் அதை மறக்கவில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

எழுபது தாண்டிய வயது, மெலிந்த உடம்பு, வியன்னாவில் பிறந்த யூதப் பெண்மணி. கணவர் கலோஜெரோ சிசிலிக்காரர், நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். ஒரே மகன் எமிலியோ மிலானில் பல் வைத்தியர். முதல் நாள் நான் சப்பாத்தைக் கழற்றி வைக்குமுன்பே சிஞ்ஞோரா கேட்டார்:

“இஞ்சை எல்லாரும் உன்னை என்னெண்டு கூப்பிடுகினம்?”

“மரியா.”

“உன்ரை பேர் அதோ?”

“இல்லை. புனிதமலர்.”

நாங்கள் கதைத்தது இத்தாலியனில்தான். அவருடைய இத்தாலியனில் ஜெர்மன் வாடை, என்னுடையதில் பேசாலை வாடை. இங்கே எங்கள் பேச்சிலேயே சொல்லிவிடுகிறேன். கபோவில் மீன்காரனிலிருந்து மருந்துக் கடைக்காரி வரை எங்களில் யாரைக் கண்டாலும் மரியாதான். சிஞ்ஞோரா மட்டும் ஒரு கிழமை இருந்து பாடமாக்கினார். “பு-னி-த-ம-லர்” என்று கோப்பை கழுவும்போதும் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் மலர் என்ற அளவில் நின்றது. எனக்கு அது போதும். அந்த ஒரு கிழமையில்தான் நான் விழுந்தேன்.

பெயர் விஷயத்தில் அவர் ஏன் அவ்வளவு கவனமாக இருந்தார் என்பதற்கு ஒரு கதை உண்டு. அதை எனக்குக் குறைந்தது ஐம்பது தடவை சொல்லியிருப்பார். ஹிட்லர் வியன்னாவுக்குள் வந்தபோது ஹில்டேக்குப் பதினெட்டு வயது. படிப்பு நின்றது, தகப்பனின் கடை போனது. இங்கிலாந்தில் வீட்டு வேலைக்கு ஆள் தேவை, வேலைக்காரியாகப் போனால் விசா கிடைக்கும் என்றார்கள். பியானோ படித்த பெண் சட்டி கழுவப் போனாள். போன வீட்டில் முந்திய வேலைக்காரியின் பெயர் மேரி. புதுப் பெயர் பழக அந்த வீட்டு அம்மாவுக்குப் பொறுமை இல்லை, அதனால் இவளும் மேரியானாள்.

அடுத்த வருடம் உலக யுத்தம் தொடங்கியது. இங்கிலாந்தில் இருந்த ஜெர்மன்காரர், ஆஸ்திரியாக்காரர் எல்லாரும் எதிரி நாட்டார் ஆனார்கள். ஹிட்லரிடமிருந்து தப்பி ஓடிவந்த யூதர்களும் அதற்குள் அடக்கம். ஒவ்வொருவரையும் விசாரணை மன்றத்துக்குக் கூப்பிட்டு, நம்பக்கூடிய ஆளா இல்லையா என்று பார்த்தார்கள். வேலை கொடுத்தவர் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் அனேகமாக விட்டுவிடுவார்களாம். அந்த வீட்டு அம்மா தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு ஹில்டேயுடன் போனாள்.

“எனக்காகத் தொப்பி போட்டுக்கொண்டு வாறா எண்டு எனக்குச் சந்தோசம்,” என்பார் சிஞ்ஞோரா. “பஸ்ஸிலை அவவின்ரை குடையை நான்தான் பிடிச்சுக்கொண்டு போனனான்.”

இந்தப் பெண்ணுக்கு நீங்கள் பொறுப்பேற்பீர்களா என்று நீதிபதி கேட்டார். அந்த அம்மா கொஞ்சம் யோசித்தாள்.

“அவளைப் பற்றி எனக்கென்ன தெரியும்? வேலை செய்யிறாள், அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் சொன்னாள். பொய் சொல்லவில்லை, கெட்டது சொல்லவில்லை. அந்த வசனத்தைக் கேட்டுவிட்டு நீதிபதி சந்தேகப் பட்டியலில் பெயரைப் போட்டார். அடுத்த மே மாதம் காலையில் இரண்டு பொலிஸ்காரர் வந்து நின்றபோது ஹில்டே உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டுப் போ என்றாளாம் வீட்டு அம்மா. பாண் ரொட்டிக்குள் சீஸ் வைத்து ஒரு பொட்டலமும் கட்டிக் கொடுத்தாளாம். ரயில், கப்பல், பிறகு ஐல் ஒஃப் மேன் என்ற தீவு. கடற்கரை விடுதிகளைச் சுற்றி முள்ளுக்கம்பி அடித்துப் பெண்களை அடைத்து வைத்திருந்தார்கள். ஒரு கட்டிலில் இரண்டு பேர். ஹில்டேயோடு படுத்தவள் தலையணைக்குக் கீழே ஹிட்லரின் படம் வைத்திருந்தாள்.

“அவளுக்கு நான் எதிரி. இங்கிலிசுக்காரனுக்கு நாங்கள் ரெண்டு பேரும் எதிரி. போர்வை மட்டும் ஒண்டு,” என்று சொல்லிச் சிஞ்ஞோரா சிரிப்பார். அடுத்த வசனத்துக்குச் சிரிக்கமாட்டார். “மணி அடிச்சாச் சாப்பிட வேணும். மணி அடிச்சாப் படுக்க வேணும். வரிசையாக் கட்டில். திருப்பி ஒருநாளும் நான் அப்பிடிக் கட்டிலிலை படுக்கமாட்டன், மலர்.”

லண்டன் ஐஸ்கிறீம் கடையில் வேலை செய்த கலோஜெரோவையும் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும் அதே தீவில்தான் வேறொரு முகாமில் போட்டிருந்தார்கள். இருவரும் விடுதலையான பிறகு லண்டனில் சந்தித்து, “நீங்கள் எந்த முகாம்?” என்று கேட்டுத்தான் கதையே தொடங்கியதாம். எனக்கு அந்தக் கலியாணக் கதை பிடிக்கும். ஆனால் அந்த இங்கிலிசுக்கார அம்மாவை நான் ஆசை தீரத் திட்டுவேன். மூதேவி, அறுவாள், தொப்பிக்காரி என்று தமிழில் திட்டுவேன். சிஞ்ஞோராவுக்குச் சொல் விளங்காது, குரல் விளங்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் அவளைப்போல இல்லை,” என்பார். நான் ஏன் நம்பாமல் இருக்கவேண்டும்? எங்கள் வேலையை அவர் செய்திருக்கிறார். எங்கள் முகாமில் அவர் இருந்திருக்கிறார். இத்தாலியில் எத்தனை சிஞ்ஞோராக்கள் அப்படிச் சொல்லமுடியும்?

தொண்ணூற்றைந்தில் அவருக்கு மறதி வந்தது. கோப்பிக் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார். ஒருநாள் கபோவில் எலுமிச்சம்பழம் வாங்கப் போனவர் வீட்டுக்கு வழி தெரியாமல் மாதா சுருவத்தடியில் நின்றுகொண்டிருந்தார். நான் கண்டு கூட்டிவந்தேன். படியேறும்போது என்னிடம் கெஞ்சினார்.

“எமிலியோவுக்குச் சொல்லாதை. சொன்னா என்னைக் கொண்டுபோய் வயசு போனவையின்ரை இடத்திலை விட்டிடுவான். அங்கை வரிசையாக் கட்டில் இருக்கும்.”

“சொல்லமாட்டன், சிஞ்ஞோரா.”

சொல்லவில்லை. ஞாயிறுதோறும் எமிலியோ தொலைபேசியில், “அம்மா எப்படி?” என்று கேட்கும்போது, “எல்லாம் நல்லம், டொத்தோரே,” என்று வாய் கூசாமல் சொன்னேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் அவருக்கு என்ன செய்தேன் என்பது கணக்கில் வரவேண்டும் என்பதற்காகத்தான்.

அந்தக் கார்த்திகை மாதம் அரசாங்கம் புதுச் சட்டம் போட்டது. பத்திரம் இல்லாமல் வேலை செய்கிறவர்களுக்கு, வேலை கொடுப்பவர் மார்ச் மாத முடிவுக்குள் ‘இவர் என்னிடம் வேலை செய்கிறார்’ என்று எழுதிக் கொடுத்தால் பெர்மெஸ்ஸோ கிடைக்கும் என்று பூசை முடிவில் பாதர் வாசித்தார். கோயிலே அழுதது. பெர்மெஸ்ஸோ இருந்தால் பிள்ளையைக் கூப்பிடலாம். நான் அன்றைக்கே அனிற்றாவுக்கு எழுதினேன், உன் காலை ஒரு தாளில் வைத்து வரைந்து அனுப்பு, இங்கே குளிர், நல்ல சப்பாத்து வாங்கி வைக்கிறேன் என்று. தை மாதம் பதில் வந்தது. அப்பியாசக் கொப்பித் தாளில் பென்சிலால் இரண்டு பாதம். பெருவிரலுக்கு மட்டும் நகமும் வரைந்திருந்தாள். நான் விட்டுவந்த கால் அந்தத் தாளில் பாதிகூட வராது.

அதே மாதம் கோயில் வாசலில் அகஸ்ரீனா அக்கா என்னை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போனாள்.

“பகேரியாவிலை ஒரு வீடு இருக்கு. பார்மசிக்காரற்றை வீடு. வேலைக்குச் சேந்த கிழமையே பேப்பர் எழுதித் தருவினமாம். நீ போ.”

“எனக்கு வேண்டாம் அக்கா. என்ரை சிஞ்ஞோரா எழுதித் தருவா.”

“கேட்டனியோ?”

“கேட்டனான். ஓம் எண்டவ.”

“ஓம் எண்டவ, எழுதினவவோ?”

எனக்குக் கோபம் வந்தது. “அக்கா, அவ ஆர் தெரியுமோ? அவவும் எங்களைப்போல முகாமிலை கிடந்தவ. ஒரு சொல் சொல்லாததாலை உள்ளுக்குப் போனவ. அவ செய்யாமல் ஆர் செய்வினம்?”

அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பிறகு தோளைக் குலுக்கிவிட்டு, பகேரியா வீட்டை சுஜானிக்குக் கொடுத்தாள். சுஜானி வந்து நாலு மாதம் ஆகாதவள், இத்தாலியனில் தண்ணீர் கேட்கவே தெரியாது. அவளுக்கு மூன்றாம் கிழமையே பத்திரம் கொடுத்து ரசீது வந்துவிட்டது.

எனக்கும் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மாசி மாதம் சிஞ்ஞோரா நான் நிரப்பிக் கொடுத்த படிவத்தையும் என் பாஸ்போட்டையும் வாங்கினார். இரண்டு நாள் கழித்து, “அவ்வொக்காத்தோவிட்டைக் குடுத்தாச்சு,” என்றார். வழக்கறிஞர் எல்லாம் பார்த்துக்கொள்வார், பாஸ்போட் குவெஸ்தூராவில், அதாவது பொலிஸ் கந்தோரில் இருக்கும், ரசீது வழக்கறிஞரிடம் இருக்கும். ஒரு தடவை ரசீதைப் பார்க்கலாமா என்று கேட்க வாய் எடுத்தேன். கேட்கவில்லை. சொந்த ஆளைச் சந்தேகப்பட்ட மாதிரி இருக்கும் என்று வெட்கம். அந்த வெட்கத்தை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது. அன்று பின்னேரம் கபோவுக்குப் போய், வரைந்த பாதத்தை விட ஒரு அளவு கூட்டி, சிவப்புச் சப்பாத்து வாங்கினேன். கட்டிலுக்குக் கீழே வைத்தேன். மகளுக்கு எழுதினேன், நத்தாருக்கு, கிறிஸ்மஸுக்கு முதல் நீ இங்கே இருப்பாய் என்று.

மார்ச் முப்பத்தொன்று வந்தது, போனது. நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

ஏப்ரல் இரண்டாம் தேதி. எங்களுக்குப் பெரிய கிழமை, சிஞ்ஞோராவுக்கு யூதர்களின் பாஸ்காப் பண்டிகை நெருங்கியிருந்தது. அவர் சமயம் பார்க்கிற ஆள் இல்லை. கபோவில் விற்கிற பன்றித் தொத்திறைச்சியைக் கூட ரசித்துத் தின்பார். ஆனால் வருடத்தில் ஒரே ஒரு வழக்கத்தை விடமாட்டார். பாஸ்காவுக்கு முன் வீட்டில் ஒரு பாண் துகள் இருக்கக்கூடாது, மூலை முடுக்கெல்லாம் தேடித் துடைக்க வேண்டும். தேடுகிறவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்பதற்காக, வீட்டுக்காரர் பத்துப் பாண் துண்டுகளைத் தாளில் சுற்றி அங்கங்கே ஒளித்து வைப்பார். தேடி எடுத்து மறுநாள் காலையில் எரிக்க வேண்டும். அவருடைய தாய் வியன்னாவில் செய்தது. தாய் வியன்னாவிலேயே நின்றுவிட்டாள், பிறகு எங்கே கொண்டுபோனார்கள் என்பது சிஞ்ஞோரா சொல்லாத கதை. மெழுகுதிரி வைத்து இருட்டியபின் தேடவேண்டுமாம். அவருக்குக் கண் மங்கல் என்பதால் நான் டோர்ச்சோடு மதியம் சாப்பிட்டபின் தேடுவேன். மூன்று வருடமாக அது எனக்கு ஒரு விளையாட்டு.

அன்றும் அப்படித்தான். அவர் கதிரையில் இருந்தார், நான் தேடினேன். பூச்சாடிக்குப் பின்னால் ஒன்று, பியானோ மூடிக்குக் கீழே ஒன்று, கலோஜெரோவின் தொப்பிக்குள் ஒன்று. ஒன்பது கிடைத்தது. பத்தாவதைக் காணவில்லை.

“எங்கை வைச்சனீங்கள், சிஞ்ஞோரா?”

அவர் நெற்றியைத் தடவினார். “படுக்கையறையிலை எண்டு நினைக்கிறன். இல்லாட்டிக் குசினியோ? ஞாபகம் இல்லை, மலர்.”

பத்தும் கிடைக்காவிட்டால் அவருக்கு நித்திரை வராது என்று எனக்குத் தெரியும். படுக்கையறையில் கட்டிலடி, அலுமாரி, தலையணை உறை எல்லாம் பார்த்தேன். அலுமாரியின் கீழ் லாச்சியை நான் ஒருநாளும் திறந்ததில்லை, அதில் அவருடைய கடதாசிகள் இருக்கும். அன்றைக்குத் திறப்பு பூட்டிலேயே தொங்கியது. அவருக்காகத்தான் திறந்தேன்.

மேலே ஒரு சாம்பல் நிறச் சின்னப் புத்தகம். இங்கிலாந்தில் கொடுத்த பதிவுப் புத்தகம். பத்தொன்பது வயது ஹில்டே படத்தில் சிரிக்காமல் இருந்தாள், முத்திரைகள் குத்தியிருந்தன. அதற்குக் கீழே என் பாஸ்போட். பாஸ்போட்டுக்குள் மடித்தபடி நான் நிரப்பிய படிவம். கீழே கையெழுத்துப் போடும் கோட்டில் ஒன்றும் இல்லை.

எவ்வளவு நேரம் குந்தியிருந்தேனோ தெரியாது. கீழே சந்தையில் ஒருவன் கூனைப்பூ என்று நீட்டி நீட்டிக் கூவிக்கொண்டிருந்தான். அகஸ்ரீனா அக்காவின் பார்வை நினைவுக்கு வந்தது. அனிற்றாவின் பென்சில் பாதம் நினைவுக்கு வந்தது. பிறகு ஒரு ஆசை வந்தது. மறந்திருப்பார். கேத்தலை மறக்கிறவர், வீட்டு வழியை மறக்கிறவர், இதையும் மறந்திருப்பார். கடவுளே, மறந்ததாகவே இருக்கட்டும்.

பாஸ்போட்டைக் கொண்டுபோய் அவருடைய மடியில் வைத்தேன்.

“சிஞ்ஞோரா, குடுக்க மறந்து போனீங்களோ?”

அவர் அதைத் தடவிப் பார்த்தார். கண் மங்கல் என்றாலும் கைக்குத் தெரிந்தது. நான் அவருக்குக் கதவைத் திறந்து விட்டிருந்தேன். ஓம் என்று சொன்னால் போதும், நான் அழுதுவிட்டுச் சமைக்கப் போயிருப்பேன்.

“இல்லை,” என்றார். “மறக்கேல்லை.”

“அப்ப ஏன்?”

“பேப்பர் வந்தா நீ போயிடுவாய். உன்ரை அக்கா அகொஸ்தீனா போனாள். எல்லாரும் போறவைதானே. நீ போனா எமிலியோ என்னைக் கொண்டுபோய் விட்டிடுவான். ரெண்டு தரம் கையெழுத்துப் போட இருந்தனான், மலர். பேனையும் எடுத்தனான்.”

“எனக்கு ஒரு பிள்ளை இருக்கு. உங்களுக்குத் தெரியும். அவளின்ரை கால் படத்தை உங்களுக்குக் காட்டினனான்.”

“தெரியும்.”

“நீங்கள் அவளைப்போல இல்லை எண்டு சொன்னனீங்கள்.”

கையிலிருந்த டோர்ச் எரிந்துகொண்டே இருந்தது, நான் அணைத்தேன். ஏமாற்றியவர்கள் எனக்குப் புதிதல்ல. ஏஜென்சிக்காரன் ஏமாற்றினான், வள்ளக்காரன் ஏமாற்றினான். அவர்களை நான் நம்பிப் போகவில்லை, வேறு வழியில்லாமல் போனேன். இவரை நம்பினேன். பத்தாவது துண்டை நான் தேடவில்லை.

மறுநாள் பின்னேரம் எமிலியோ மிலானிலிருந்து வந்தார். கீழ் வீட்டுக்காரி காஸ் மணக்கிறது என்று அவருக்குப் போன் எடுத்துச் சொல்லியிருந்தாளாம். வியாழக்கிழமை காலை மூவரும் குசினி மேசையில் இருந்தோம். என்னையும் இருக்கச் சொன்னார். மரியாதையான மனிதர், என்னோடு நீங்கள் போட்டுத்தான் கதைப்பார்.

“அம்மாவைப் பற்றி நான் ஒரு முடிவு எடுக்கவேணும். மிலானிலை ஒரு இடம் பாத்து வைச்சிருக்கிறன். ஆனா அவ இஞ்சை இருந்து சமாளிப்பா எண்டு நீங்கள் சொன்னா நான் விட்டிடுவன். மூண்டு வருசம் கூட இருக்கிறியள். உங்களை விட ஆருக்குத் தெரியும்?”

சிஞ்ஞோரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சவில்லை. முதுகை நிமிர்த்தி, கை இரண்டையும் மேசையில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுத வந்த பிள்ளையைப்போல இருந்தார். எல்லாம் நல்லம் டொத்தோரே என்று நான் நூறு தடவை சொன்ன வசனம் நாக்கு நுனியில் நின்றது. சொல்லியிருக்கலாம். சொன்னால் அவருக்கு வீடு, எனக்குக் கூரை.

“அவவைப் பற்றி எனக்கென்ன தெரியும், டொத்தோரே?” என்றேன். “நான் வேலை செய்யிறன், அவ்வளவுதான்.”

வேண்டுமென்றேதான் சொன்னேன். சொல்லுக்குச் சொல் அப்படியே. சிஞ்ஞோராவின் முகத்தில் அது போய்ச் சேர்ந்ததைப் பார்த்தேன். ஒரு கணம் எனக்கு இனித்தது, அதை மறைக்கமாட்டேன். மகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெருமூச்சு விட்டு, தாயின் கைமேல் கை வைத்து, “அப்பச் சரி, மம்மா,” என்றார்.

செவ்வாய்க்கிழமை புறப்படுவது என்று முடிவானது. அதுவரை நான் சமைத்தேன், துடைத்தேன், பெட்டி அடுக்கினேன். நானும் அவரும் ஒரு சொல்கூடக் கதைக்கவில்லை. பெரிய வெள்ளி சிலுவைப் பாதைக்குப் போய்ப் பின்வரிசையில் நின்றேன், முழங்காலில் இருக்க மனம் வரவில்லை. சனிக்கிழமை நகம் வெட்டுகிற நாள். அவர் காலை நீட்டினார். நான் வெட்டினேன். வலது சின்ன விரலில் எப்போதும் நோகும், கவனமாகத்தான் வெட்டினேன்.

செவ்வாய் காலை எமிலியோ பெட்டிகளைக் கீழே காருக்குக் கொண்டுபோனார். எங்கள் ஊரில் பயணம் போகிறவருக்குச் சாப்பாடு கட்டாமல் அனுப்பமாட்டோம், கொள்ளையடித்துவிட்டுப் போகிறவனாக இருந்தாலும் கட்டுவோம். கை தன்பாட்டில் வேலை செய்தது. காலையில் பாண் வாங்கி வந்திருந்தேன். முட்டை பொரித்து, பாணைப் பிளந்து வைத்து, தாளில் சுற்றி, நூல் கட்டினேன். வாசலில் கோட்டோடு நின்றவரிடம் நீட்டினேன்.

“வழியிலை பசிக்கும், சிஞ்ஞோரா.”

அவர் வாங்கி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

“பாண்,” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாஸ்கா முடியவில்லை. எட்டு நாளைக்குப் பாண் அவர்களுக்கு ஆகாது, மூன்று வருடமாக அந்த வீட்டில் அந்த எட்டு நாளும் நான் பாண் வாங்கியதே இல்லை.

“அந்த அம்மாவும் பாண்தான் கட்டித் தந்தவ,” என்றார் சிஞ்ஞோரா. குரலில் கோபம் இல்லை. ஒரு விஷயத்தைச் சரிபார்த்தவரைப்போலச் சொன்னார். பிறகு பொட்டலத்தை என் கையில் திருப்பி வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடித்து மூடினார்.

“நீ கொண்டுபோ. நீயும் இண்டைக்குத்தானே போறாய், புனிதமலர்.”

முழுப் பெயரையும் பிழையில்லாமல் சொன்னார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். மூன்று மாடி. நான் கூட இறங்கிப் பிடித்திருக்கலாம். வாசலிலேயே நின்றேன், கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும் வரைக்கும்.

என்னுடைய சாமான் ஒரு பையும் ஒரு சப்பாத்துப் பெட்டியும்தான். அகஸ்ரீனா அக்காவின் அறை ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் ஸ்ரேஷன் பக்கத்தில், கபோவிலிருந்து அரை மணித்தியால நடை. நடந்து போனேன். ஆனால் அவளுடைய படியில் ஏற முகம் இல்லை. ஸ்ரேஷனுக்குள் போய் ஒரு மர வாங்கில் இருந்தேன். பகேரியாவிலிருந்து ரயில் வந்தது, சனம் இறங்கிப் போனது. சுஜானி அதில் இல்லை, இருந்திருந்தாலும் அவளில் பிழை இல்லை.

பசித்தது. பொட்டலத்தைப் பிரித்து முழுவதையும் தின்றேன். எனக்குச் செய்ததற்கு அவரை நான் மன்னிக்கவில்லை, இன்றைக்கும் இல்லை. நான் செய்ததையும் யாராவது மன்னிக்க வேண்டுமென்று கேட்கவில்லை. ஆனால் அந்தத் தொப்பிக்காரியை நான் பிறகு திட்டியதே இல்லை. அதற்கு வாய் வரவில்லை.

மடியில் விழுந்த துகளைத் தட்டிவிட்டு, சப்பாத்துப் பெட்டியை மேசையாக வைத்துக்கொண்டு அனிற்றாவுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினேன். சுகம் விசாரித்தேன், சித்திக்குச் சொல்வழி கேள் என்று எழுதினேன். நத்தாரைப் பற்றி என்ன எழுதுவது என்று நெடுநேரம் பேனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எழுதினேன்: மகள், அடுத்த வருடம் இதே மாதத்தில் காலைத் தாளில் வைத்துத் திரும்பவும் வரைந்து அனுப்பு. இந்தச் சப்பாத்து உனக்கு அளவாக வராது.